ஆங்கில அரங்கின் குணச்சித்திரங்கள்: பீட்டர் சாலிஸ்

பீட்டர் சாலிஸ் 1921 பிப்ரவரி 1 அன்று, லண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் கரையிலுள்ள ட்விக்கனத்தில் பிறந்தார். தந்தை வங்கி மேலாளர். பீட்டர் அவருக்கு ஒரே பிள்ளை. வடக்கு லண்டனில் பள்ளிப் படிப்பை முடித்ததும் தந்தையின் வழியிலேயே வங்கி வேலைக்குப் போய், கப்பல் வணிகம் சார்ந்த கணக்குகளைப் பார்த்துவந்தார். இரண்டாம் உலகப் போர் குறுக்கிடாமல் இருந்திருந்தால் அந்த மேசையிலிருந்தே ஓய்வுபெற்றிருப்பார் என்று நினைக்க இடமிருக்கிறது. பிற்காலத்தில் அவர் நடித்த அடக்கமான, எதற்கும் முன்யோசனை செய்யும் மனிதர்கள் பலரிடம் அந்த வங்கி எழுத்தரின் சாயல் தெரியும்.

போர் வந்ததும் விமானப்படையில் சேர்ந்தார். பறக்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் உயரத்தில் நினைவிழக்கும் ஆபத்து இருப்பதாக மருத்துவர்கள் சொல்லிவிட்டதால் தரைப்பணிக்கு ஒதுக்கப்பட்டு, கிரான்வெல் விமானப்படைத் தளத்தில் வானொலித் தொடர்பு கற்றுக்கொடுக்கும் ஆசிரியரானார். அங்கே அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர், உள்ளூர் ஒய்.எம்.சி.ஏ.வில் அரங்கேறவிருந்த நோயல் கவர்டின் ‘ஹே ஃபீவர்’ நாடகத்தில் முக்கிய வேடத்துக்கு அவரை அழைத்தார். அதுவரை மேடைக் கனவு எதுவும் இல்லாத ஒருவர், அந்த ஒரு நாடகத்துக்குக் கிடைத்த வரவேற்போடு வங்கியை மறந்தார்.

போர் முடிந்ததும் லண்டனில் ‘ராடா’ என்று அழைக்கப்படும் அரச நாடகக் கலைக் கழகத்தில் பயிற்சி பெற்றார். 1946 செப்டம்பரில், ஷெரிடனின் ‘தி ஸ்கீமிங் லெஃப்டினன்ட்’ நாடகத்தில் வசனமே இல்லாத ஒரு சிறு வேடத்தில் லண்டன் மேடையில் முதன்முதலாகத் தோன்றினார். வசனம் பேசும் வேடம் லண்டனில் கிடைக்க 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் வெளியூர் ரெப்பர்ட்டரி குழுக்களில் கழிந்தன.

இந்த ரெப்பர்ட்டரி முறையைப் புரிந்துகொள்ளாமல் அந்தத் தலைமுறை ஆங்கில நடிகர்கள் யாரையும் புரிந்துகொள்ள முடியாது. ஊருக்கு ஒரு நிரந்தரக் குழு. பல குழுக்களில் வாரத்துக்கு ஒரு புதிய நாடகம். இந்த வார நாடகத்தை இரவில் நடித்துக்கொண்டே அடுத்த வார நாடகத்துக்குப் பகலில் ஒத்திகை பார்க்க வேண்டும். நேரம் மிஞ்சினால் அதற்கடுத்த நாடகத்தின் வசனத்தை மனப்பாடம் செய்யலாம். இருபத்தைந்து வயது இளைஞன் ஒரு வாரம் பாதிரியாராகவும், மறுவாரம் அறுபது வயது நீதிபதியாகவும், அதற்கடுத்த வாரம் வீட்டு வேலைக்காரராகவும் நிற்பான். கதாநாயக முகவெட்டு இல்லாதவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. சாலிஸ் குள்ளமோ நெட்டையோ இல்லை, அழகரும் இல்லை. வட்ட முகமும் எதையோ யோசித்துக்கொண்டே இருப்பதுபோன்ற கண்களும் அவருடையவை. அப்படிப்பட்ட முகத்தை எந்த வயதுக்கும் எந்தத் தொழிலுக்கும் பொருத்தலாம் என்பதை அவர் கற்றுக்கொண்டது அந்த மூன்று ஆண்டுகளில்தான்.

1955 ஜூனில், லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘மோபி டிக் – ரிஹர்ஸ்ட்’ நாடகத்தில் சாலிஸுக்கு இடம் கிடைத்தது. ஆங்கில நாடக வரலாற்றில் தனியாக நிற்கும் தயாரிப்பு அது. மெல்வில்லின் திமிங்கில வேட்டைக் கதையை, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாடகக் குழு ஒன்று ஒத்திகை பார்ப்பதாக வெல்ஸ் அமைத்திருந்தார். மேடையில் கடலும் கிடையாது, கப்பலும் கிடையாது. நடிகர்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் உடலை அசைத்தே கப்பல் ஆடுவதைக் காட்ட வேண்டும். பேட்ரிக் மக்கூன், ஜோன் ப்ளோரைட், கென்னத் வில்லியம்ஸ், கார்டன் ஜாக்சன் எனப் பின்னாளில் பெயர்பெற்ற பலர் அந்தக் குழுவில் இருந்தார்கள். நாடகம் ஓடியது மூன்று வாரங்கள்தான் என்றாலும் வெல்ஸுடனான தொடர்பு அறுந்துவிடவில்லை. காஃப்காவின் ‘விசாரணை’யை வெல்ஸ் படமாக்கியபோது, சில சிறு நடிகர்களுக்குக் குரல் கொடுப்பதற்காக சாலிஸைப் பாரிஸுக்கு வரவழைத்தார். அவரது குரலுக்கென்று தனி மதிப்பு உண்டு என்பதை முதலில் கண்டுகொண்டவர்களில் வெல்ஸும் ஒருவர்.

தொலைக்காட்சியில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு 1958இல் பிபிசி தயாரித்த ‘தி டயரி ஆஃப் சாமுவேல் பெப்பீஸ்’. பதினேழாம் நூற்றாண்டு லண்டனின் தீ விபத்தையும் கொள்ளைநோயையும் தன் சொந்தச் சபலங்களையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்த கடற்படை அதிகாரி பெப்பீஸாகத் தலைமை வேடம் ஏற்றார். அதன் பிறகு திரைப்படங்களில் சின்னச் சின்ன வேடங்கள் வந்தபடி இருந்தன. 1961இல் ஹாமர் நிறுவனத்தின் பேய்ப்படமான ‘தி கர்ஸ் ஆஃப் தி வேர்வுல்ஃப்’, 1970இல் அதே நிறுவனத்தின் ‘டேஸ்ட் தி ப்ளட் ஆஃப் டிராகுலா’ இரண்டிலும் அவரைப் பார்க்கலாம். பின்னதில், ஊரில் கண்ணியவானாக நடமாடிக்கொண்டு ரகசியமாகக் கேளிக்கை தேடிப்போய் டிராகுலாவிடம் மாட்டிக்கொள்ளும் மூன்று கனவான்களில் ஒருவர். பயம் தொற்றிய மனிதனின் முகத்தைக் காட்டுவதில் மற்ற இருவரையும் விட அவரே ஒரு படி மேல்.

ஆனாலும் அவருடைய மேடை வாழ்வின் உச்சம் 1964க்கும் 1968க்கும் இடைப்பட்ட காலம்தான். பிற்காலப் புகழின் வெளிச்சத்தில் இந்த நான்கு ஆண்டுகள் மங்கிப்போனது நியாயமில்லை. 1964இல் லண்டன் லிரிக் அரங்கில், புடாபெஸ்ட் வாசனைப்பொருள் கடை ஒன்றில் நடக்கும் ‘ஷி லவ்ஸ் மி’ என்ற இசை நாடகத்தில், வேலை போய்விடுமோ என்று அஞ்சி அஞ்சி வாழும் சிபோஸ் என்ற மூத்த விற்பனையாளராக நடித்தார். அமெரிக்கத் தயாரிப்பாளரும் இயக்குநருமான ஹரால்ட் பிரின்ஸ் அவரைக் கவனித்தது அப்போது. மறு ஆண்டே பிரின்ஸ் அவரை நியூயார்க் பிராட்வேக்கு அழைத்துப்போனார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வைத்து உருவான ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ இசை நாடகத்தில் ஃப்ரிட்ஸ் வீவர் ஹோம்ஸ், சாலிஸ் டாக்டர் வாட்சன். அதே 1965இன் இறுதியில் ஜான் ஆஸ்போர்னின் ‘இன்அட்மிஸிபிள் எவிடென்ஸ்’ பிராட்வேக்கு வந்தது. வாழ்க்கை முழுவதும் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் வழக்கறிஞராக நிக்கல் வில்லியம்சன் மேடையைக் கிடுகிடுக்க வைத்தார். அவரிடம் வேலை பார்க்கும் ஹட்சன் என்ற அலுவலகக் குமாஸ்தா வேடம் சாலிஸுக்கு. முதலாளி கத்துகிறார், கெஞ்சுகிறார், பங்குதாரராக்குவதாக ஆசை காட்டுகிறார். ஹட்சன் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். அந்தப் பொறுமைக்குள்ளேயே அவர் விலகிப்போகும் முடிவு மெல்ல மெல்ல உருவாவதைப் பார்வையாளர்கள் உணர வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பதையே நடிப்பாக்குவது எளிதல்ல. 1968இல் இந்த நாடகம் படமானபோதும் ஹட்சனாக சாலிஸையே போட்டார்கள்.

1968 பிப்ரவரியில் லண்டன் பேலஸ் அரங்கில் பிரின்ஸ் இயக்கத்தில் ‘காபரே’ இசை நாடகம் தொடங்கியது. ஜூடி டென்ச் அதில் சாலி போல்ஸ். நாஜிகள் தலையெடுக்கும் பெர்லினில் பழக்கடை வைத்திருக்கும் ஷுல்ட்ஸ் என்ற வயதான யூதர் வேடம் சாலிஸுக்கு. அவர் விரும்பும் விடுதிக்காரப் பெண்மணியாக லிலா கெட்ரோவா. ஷுல்ட்ஸ் அந்தப் பெண்மணிக்குக் காதல் பரிசாகக் கொண்டுவருவது ஓர் அன்னாசிப்பழம். பஞ்சம் பிடித்த பெர்லினில் அது பொன்னுக்குச் சமம். காகிதப் பையைத் திறந்து பார்க்கிறார் அந்தப் பெண்மணி. வெட்கமும் பெருமிதமுமாக ஷுல்ட்ஸ் நிற்கிறார். இரண்டு முதியவர்களும் அந்தப் பழத்தை நடுவில் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பிறகு கடைக் கண்ணாடியில் கல் விழுகிறது, நிச்சயதார்த்தம் முறிகிறது. தானும் ஜெர்மானியன்தானே, இதெல்லாம் கொஞ்ச நாளில் கடந்துபோய்விடும் என்று ஷுல்ட்ஸ் நம்பிக்கையோடு சொல்லிவிட்டுப் போகிறார். வரப்போவது என்னவென்று அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. கண்ணீரைக் கேட்டு வாங்காமல் செய்ய வேண்டிய வேடம் இது. தணிந்த குரலில் பேசும் நடிகரால்தான் அதைத் தாங்க முடியும். தயாரிப்பு 336 காட்சிகள் நடந்தது.

இதற்கு நடுவே 1967இல் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’வில், ‘தி ஐஸ் வாரியர்ஸ்’ என்ற ஆறு பகுதிக் கதையில் பென்லி என்ற விஞ்ஞானியாக வந்தார். பனியுகம் மீண்டும் சூழ்ந்த பூமியில், கணினி சொல்வதைத் தவிர வேறெதையும் நம்பாத தலைவரோடு ஒத்துப்போக முடியாமல் தளத்தைவிட்டு வெளியேறிப் பனிக்காட்டில் வாழ்பவர் பென்லி. கோபக்காரர், பிடிவாதக்காரர். சாலிஸுக்குப் பழக்கப்பட்ட பணிவான மனிதர்களிலிருந்து விலகி நிற்கும் வேடம் இது என்பதால் இன்றும் தேடிப் பார்க்கத் தக்கது. அக்காலத்தில் பிபிசி பழைய ஒளிநாடாக்களை அழித்துவந்ததால் இதன் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் தொலைந்துபோயின. எஞ்சிய ஒலிப்பதிவைக் கொண்டு பின்னர் அவை அசைபடமாக உருவாக்கப்பட்டன.

ஐம்பது வயதைத் தாண்டும்வரை சாலிஸின் நிலை இதுதான்: தொழிலுக்குள் இருப்பவர்கள் அனைவரும் அறிந்த நடிகர், தெருவில் போகிறவர்களுக்கு எங்கோ பார்த்த முகம். அதை மாற்றியவர் ராய் கிளார்க் என்ற எழுத்தாளர். கிளார்க் எழுதிய வேறொரு தொடரில் சாலிஸ் முன்பே நடித்திருந்தார். யார்க்‌ஷையர் மலைச் சிற்றூர் ஒன்றில் வேலையும் இல்லாமல் வேளையும் போகாமல் சுற்றித்திரியும் வயதான மூன்று நண்பர்களைப் பற்றிப் புதிய நகைச்சுவைக் கதை ஒன்றை யோசித்தபோது, அதில் நார்மன் கிளெக் என்ற பாத்திரத்தை சாலிஸை மனதில் வைத்தே எழுதினார். 1973 ஜனவரி 4 அன்று ஒரு தனி நாடகமாக பிபிசியில் வெளியானது. நவம்பரில் ‘லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்’ என்ற பெயரில் தொடராகத் தொடங்கியது.

கிளெக் மனைவியை இழந்தவர். தரைவிரிப்பாகப் பயன்படும் லினோலியம் விற்றுப் பிழைத்து, வேலை போய் வீட்டில் இருப்பவர். பெண்கள் அருகில் வந்தாலே ஒதுங்குவார். சாவைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் ஏதாவது சொல்லிவைப்பார். அழுக்குக் கோட்டும் ரப்பர் பூட்சுமாகத் திரியும் காம்ப்போவாக பில் ஓவன். ஒழுங்கும் அந்தஸ்தும் பேசும் மூன்றாமவராக, இந்தியாவில் ஜான்சியில் பிறந்த மைக்கேல் பேட்ஸ். நிஜத்திலும் ஓவன் தீவிர இடதுசாரி, பேட்ஸ் தீவிர வலதுசாரி. தொடக்கத்திலேயே இருவருக்கும் அரசியல் வாக்குவாதம் முற்றி, தயாரிப்பே நின்றுவிடுமோ என்ற நிலை வந்தது. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சமாளிக்க வேண்டிய பொறுப்பு, கதையில் கிளெக்குக்குப் போலவே, வாழ்க்கையிலும் சாலிஸுக்கு வந்து சேர்ந்தது.

படப்பிடிப்பு நடந்தது மேற்கு யார்க்‌ஷையரின் ஹோம்ஃபர்த் ஊரில். கல்வீடுகள், சரிவான சந்துகள், வெட்டவெளி மேடுகள். தொடரில் சம்பவங்கள் குறைவு. காம்ப்போ எதையாவது ஏறி ஓட்டிக்கொண்டு மலைச்சரிவில் உருண்டு விழுவார். மற்ற நேரமெல்லாம் மூவரும் நடப்பார்கள், சுவரில் சாய்ந்து நிற்பார்கள், பேசுவார்கள். இந்தப் பேச்சில்தான் சாலிஸின் கைத்திறன் இருக்கிறது. மற்ற இருவர் சண்டை போடும்போது அவர் தலையைத் திருப்புவதே இல்லை. தட்டைத் தொப்பிக்குக் கீழே கண் மட்டும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். வசனத்தின் கடைசிச் சொல்லை எழுப்பாமல் தாழ்த்தி விடுவார். சிரிப்பு வரட்டும் என்று காத்திருக்கும் நடிகரின் அவசரம் அதில் சிறிதும் இராது; சொன்னதைச் சொல்லிவிட்டு வேறு யோசனைக்குப் போய்விட்ட மனிதராகத் தெரிவார். பிறப்பால் லண்டன்காரரான அவர் இந்தப் பாத்திரத்துக்காகப் பழகிக்கொண்ட யார்க்‌ஷையர் பேச்சு பின்னர் அவருடைய இன்னொரு வாழ்க்கைக்கும் மூலதனமானது.

பேட்ஸ் நோய்வாய்ப்பட்டு விலகியதும் 1976இல் பிரையன் வைல்ட் மூன்றாமவராக வந்தார். அவருக்குப் பின் மைக்கேல் ஆல்ட்ரிட்ஜ், மீண்டும் வைல்ட், 1997 முதல் ஃபிராங்க் தார்ன்டன் என்று அந்த இடம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1985இல் ஓர் அத்தியாயத்தை 1 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். 1999 ஜூலையில் பில் ஓவன் இறந்தபோது காம்ப்போவின் இறுதிச் சடங்கே கதையாக எழுதப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகள் உடன் நடித்த நண்பருக்காக சாலிஸ் நிஜத்தில் பட்ட துயரத்தை அந்தக் காட்சிகளில் நடிப்பிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. முதுமையில் வெளிப்புறப் படப்பிடிப்புக்கான காப்பீட்டுச் செலவு கூடியதால், கடைசி ஆண்டுகளில் அவரும் தார்ன்டனும் உள்ளரங்கக் காட்சிகளில் மட்டுமே தோன்றினார்கள். 2010 ஆகஸ்ட் 29 அன்று தொடர் முடிந்தது. 31 பருவங்கள், 295 அத்தியாயங்கள். அத்தனையிலும் இருந்த ஒரே நடிகர் சாலிஸ். தொடரின் கடைசி வசனமும் அவருடையதுதான்: கதவைப் பூட்டினேனா என்று கிளெக் கேட்டுக்கொள்வதோடு கதை நிற்கிறது. இடையில், கிளெக்கின் இளமைப் பருவத்தைச் சொன்ன ‘ஃபர்ஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்’ என்ற முன்கதைத் தொடரில் கிளெக்கின் தந்தையாகவும் அவரே நடித்தார்.

அந்த இன்னொரு வாழ்க்கை 1983இல் ஒரு கடிதத்தோடு தொடங்கியது. தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளி மாணவரான நிக் பார்க், படிப்பை முடிப்பதற்காகக் களிமண் பொம்மைகளைக் கொண்டு ஓர் அசைபடம் எடுத்துக்கொண்டிருந்தார். விசித்திரக் கருவிகள் செய்யும் வாலஸ் என்பவரும் அவருடைய நாய் குரோமிட்டும் பாலாடைக்கட்டி தேடி நிலவுக்குப் போகும் கதை. வாலஸுக்குக் குரல் தர முடியுமா என்று கேட்டார். அப்போதே நாடறிந்த நடிகராகிவிட்ட சாலிஸ் 50 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டு பதிவு செய்துகொடுத்தார். லங்காஷையர் பேச்சு வேண்டும் என்று பார்க் விரும்பினார். தனக்கு வரக்கூடிய வடக்கத்திப் பேச்சு யார்க்‌ஷையர் மட்டுமே என்றார் சாலிஸ். அப்படியே ஆனது. படம் முடிய ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1989இல் பார்க் தொலைபேசியில் கூப்பிட்டபோது சாலிஸுக்கு வயது அறுபத்தெட்டு.

இவ்வகைப் படத்தில் குரல்தான் முதலில் பதிவாகும். அதன் பிறகே, பதிவான ஒலிக்கு ஏற்றபடி பொம்மையின் வாயைப் படச்சட்டம் படச்சட்டமாக மாற்றி மாற்றிப் படம் எடுப்பார்கள். ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள். ஆகவே நடிகர் ஒரு சொல்லை எப்படி உச்சரிக்கிறாரோ அதுவே பொம்மையின் முகத்தையும் தீர்மானிக்கும். ‘சீஸ்’ என்ற சொல்லை சாலிஸ் கன்னம் இரண்டும் விரிய இழுத்துச் சொன்ன விதத்தைப் பார்த்துத்தான் வாலஸுக்கு அவ்வளவு அகலமான வாய் வைத்ததாக நிக் பார்க் கூறியிருக்கிறார். குரோமிட்டுக்கோ வாயே கிடையாது. புருவமும் காதும்தான் பேசும். உரையாடல் முழுவதையும் ஒருவரே சுமக்க வேண்டும், அதுவும் எதிரில் பதில் பேசும் ஆள் இல்லாமல். நாற்பது ஆண்டுகளாக மற்றவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்ற நடிகருக்கு, தான் பேசுவதை ஒரு நாய் கேட்டுக்கொண்டிருக்கும் வேடம் அமைந்தது.

அடுத்து வந்த ‘தி ராங் ட்ரௌசர்ஸ்’ (1993), ‘எ க்ளோஸ் ஷேவ்’ (1995) இரண்டும் ஆஸ்கர் விருது பெற்றன. வாலஸ் விரும்பி உண்ணும் பாலாடைக்கட்டியாக வென்ஸ்லிடேலைப் பார்க் சேர்த்தது, அந்தப் பெயரை உச்சரிக்கும்போது வாய் அசைவு நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டுமே. நலிந்து கிடந்த அந்த யார்க்‌ஷையர்ப் பால்பண்ணைத் தொழிலுக்கு அதனால் புதிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். 2005இல் முழுநீளப் படமாக ‘தி கர்ஸ் ஆஃப் தி வேர்-ராபிட்’ வெளியாகி, சிறந்த அசைபடத்துக்கான ஆஸ்கரை வென்றது. குரல் நடிப்புக்கான ஆனி விருது சாலிஸுக்குக் கிடைத்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் நடித்த ஹாமர் படத்தின் தலைப்பை வைத்தே பார்க் குழுவினர் இந்தத் தலைப்பைக் கேலியாகச் சூட்டியிருந்ததைப் பழைய ரசிகர்கள் கண்டுகொண்டார்கள். 2008 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பான ‘எ மேட்டர் ஆஃப் லோஃப் அண்ட் டெத்’ அவர் குரல் கொடுத்த கடைசி வாலஸ் கதைப்படம்.

இந்த இரண்டு நெடும்பயணங்களுக்கு நடுவிலும் அவர் பிற வேலைகளை விடவில்லை. மான்செஸ்டரின் காஸ்குரோவ் ஹால் நிறுவனம் எண்பதுகளில் தயாரித்த ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ பொம்மைத் தொடரில் எலியின் குரல் அவருடையது. ரிக் மேயால் நடித்த ‘தி நியூ ஸ்டேட்ஸ்மன்’ அரசியல் நகைச்சுவைத் தொடரில், தூக்குத் தண்டனை நிறுத்தப்பட்ட பின் மதுக்கடை நடத்தும் முன்னாள் தூக்கிலிடுபவராக வந்தார். கிளெக்கின் அதே கனிவான குரலில் கயிற்றையும் பொறிக்கதவையும் பற்றி அவர் பேசுவது வயிற்றைக் கலக்கும்.

1957இல் எலெய்ன் அஷர் என்ற நடிகையை மணந்தார். மகன் கிறிஸ்பியன் சாலிஸ் திரைப்பட அரங்க அலங்காரக் கலைஞரானார். ‘ஏலியன்ஸ்’, ‘டிரைவிங் மிஸ் டெய்ஸி’, ‘கிளாடியேட்டர்’ படங்களுக்காக மூன்று முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். சாலிஸ் 2006இல் தன்வரலாற்றை வெளியிட்டார். 2007இல் நாடகப் பணிக்காக ஓ.பி.இ. விருது பெற்றார். விழித்திரைச் சிதைவால் பார்வை குறைந்து, 2010க்குப் பின் தொழிலிலிருந்து ஒதுங்கி, லண்டன் நார்த்வுட்டில் நாடகக் கலைஞர்களுக்கான டென்வில் ஹால் இல்லத்தில் வசித்தார். 2017 ஜூன் 2 அன்று தமது 96ஆம் வயதில் அங்கேயே காலமானார். ஹோம்ஃபர்த்தை அடுத்த அப்பர்தாங் தேவாலய வளாகத்தில், பில் ஓவனின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வாலஸின் குரல் பென் வைட்ஹெட் என்பவரிடம் போனது. 2005 படத்திலேயே சிறு வேடத்துக்குக் குரல் கொடுத்திருந்த அவர், சாலிஸின் உச்சரிப்பை வார்த்தை வார்த்தையாகப் பயின்று, 2024இல் வெளியான ‘வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபௌல்’ படத்தில் முழுவதும் வாலஸாகப் பேசினார்.

(தொடரும்)